கட்டிலுக்கு அடியில் ஆப்பிள்

பனி கொட்டப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று சாயங்காலமே பிரேக்கு தோட்டத்தைக் காலி செய்துவிட்டார். பஸ் டிப்போவில் ஆயுசு முழுக்க பிரேக் பழுது பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். யாராவது உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு நக்கலைப் போட்டு நிறுத்திவிடுவார், அதனாலும்தான் என்பாள் அவர் மனைவி. தக்காளிச் செடியில் மிச்சம் இருந்ததெல்லாம் பச்சைக் காய். விட்டால் ஒரே ராத்திரியில் கருகிக் கொழகொழத்துப் போகும். அதனால் வருஷா வருஷம் காயைப் பறித்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, பெட்டிக்கு ஒரு பழுத்த ஆப்பிளையும் சுற்றி நடுவில் வைப்பார். ஆப்பிள் விடுகிற வாயு காயைப் பழுக்க வைக்கும். வெயில்கூட வேண்டாம், பேச்சுத்துணை இருந்தால் போதும் என்பார்.

பெட்டிகளுக்குத் தோதான இடம் பின்னறைக் கட்டிலின் அடிப்பக்கம். சூடும் இல்லை, குளிரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இந்த வருஷம் அந்த அறையில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவர். முதலாளி கடையை இழுத்து மூடியதும், வாடகைக்கு வழியில்லாமல் துணிமணியோடு வந்து இறங்கியவர்கள். வேலை கிடைக்கும்வரை இங்கேயே இருங்கள் என்று சொன்னது பிரேக்குதான். மனசாரத்தான் சொன்னார்.

ஆனால் மாப்பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறார். தட்டில் பேருக்குக் கொஞ்சம். கரண்டி இரண்டாவது தடவை வந்தால் கையைக் குறுக்கே நீட்டி, "போதும் அத்தை." ஆறடி ஆள், வேலை தேடி நாளெல்லாம் நடக்கிற ஆள், அந்தச் சாப்பாடு எந்த மூலைக்கு?

"நம்ம சமையல் அவருக்கு எறங்கல போலிருக்கு," என்றாள் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"எறங்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டுமே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"மெதுவா பேசுங்க. வேற எடம் பாக்கறாராம். சிநேகிதர் வீட்டு மாடியில ஒரு ரூமாம். மழை பேஞ்சா ஒழுகுமாம், பரவாயில்லங்கறாராம். உங்க பொண்ணு அழறா."

மகள் அழுகிறாள் என்றால் பிரேக்குக்குத் தாங்காது. தாங்காததை அவருக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். ஒழுகுகிற கூரையைவிடவா நம் வீடு மட்டமாகப் போயிற்று என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் தக்காளியும் மக்கர் பண்ணியது. மற்ற வருஷங்களில் இந்நேரம் மூக்கில் வெளுத்து, மஞ்சள் தட்டி, கன்னம் சிவந்திருக்கும். இந்த வருஷம் பறித்த மேனிக்கு அப்படியே கிடந்தது. ஒரு நாள் காலையில், இளசுகள் இரண்டும் வெளியே போனபிறகு, பெட்டியை வெளியே இழுத்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். காய், காய், காய். நடுவில் ஆப்பிள் பொட்டலம். அது மட்டும் கைக்கு லேசாக இருந்தது.

பிரித்தால் உள்ளே கொட்டையும் காம்பும். சுற்றிலும் ஒரு துணுக்குச் சதை இல்லை.

எலி என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் காகிதத்தைப் பார்த்தார். நாலு மூலையும் ஒன்றன் மேல் ஒன்று அச்சாக மடிந்திருந்தன. எலிக்குக் காகிதம் மடிக்கத் தெரியுமா? அந்த வீட்டில் அப்படி மடிக்கிற கை ஒன்றே ஒன்றுதான். லென்ஸைக் காகிதத்தில் சுற்றிச் சுற்றிப் பழகின கை. அடுத்த பெட்டியிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே.

பிரேக்கு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை. மனுஷன் பசியோடு படுத்திருக்கிறார். ஆப்பிளைத் தின்றுவிட்டு, மாமனாரின் தக்காளிக்கு அதுவாவது உதவட்டும் என்று கொட்டையைத் திரும்ப வைத்திருக்கிறார்.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவர்கள் வந்திறங்கிய அன்று, மாப்பிள்ளை இரண்டாம் தடவை தட்டை நீட்டியபோது, வழக்கம்போல நக்கலாக, "நல்லா சாப்பிடுங்க மாப்பிள்ளை, பில்லு கடைசில சேத்துப் போட்டுக்கலாம்," என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றிலிருந்துதான் அந்தக் கை குறுக்கே வர ஆரம்பித்தது. இந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் ஆப்பிள் விஷயம் தெரிந்துவிட்டது என்று மாப்பிள்ளைக்குப் பட்டால், கூனிக்குறுகி அன்றைக்கே ஒழுகுகிற ரூமுக்குக் கிளம்பிவிடுவார். யோசித்து யோசித்து, பிரேக்கு கடைக்குப் போய் நல்ல பெரிய ஆப்பிளாக வாங்கி வந்தார். பெட்டிக்கு ஒன்று வைத்த இடத்தில் இரண்டு வைத்தார். மறுநாள் ஒன்று போயிருந்தது, ஒன்று இருந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு பன்னைச் சுற்றி வைத்தார். அப்புறம் அவித்த முட்டை. காகிதம் மட்டும் அழகாக மடிந்து மிஞ்சும்.

பெருக்கப் போன மனைவி ஒரு நாள் பன்னும் கையுமாக வந்து நின்றாள். "இது என்னங்க கூத்து? தக்காளிக்குப் பன்னா?"

"பன்லயும் ஒரு வாயு இருக்கு. உனக்கு ஒண்ணும் தெரியாது, இருந்த எடத்துல வை."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பன்னை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் பன்னுக்கு நடுவில் வெண்ணெய் தடவியிருந்தது.

ஆப்பிள் நிலைத்து நின்றதும் தக்காளியும் வழிக்கு வந்தது. ஆனால் முதல் பழங்கள் சிவந்த அன்று, பன் வைத்தது வைத்தபடி இருந்தது. முட்டையும் அப்படியே. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முட்டை வைக்கிற அளவுக்குப் போயிருக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் மகள் வந்து, "அப்பா, அவரு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்," என்றாள். என்ன கேட்கப்போகிறார், கிளம்புகிறோம் என்றுதானே.

முட்டையை உடைத்து ஊற்றி, புதுத் தக்காளியைப் பிரட்டி, ரொட்டியோடு மேஜையில் வைத்தாள் மனைவி. மாப்பிள்ளை தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தார். கரண்டி வந்தது. கை குறுக்கே வரும் என்று நால்வரும் காத்திருந்தார்கள், மாப்பிள்ளை உட்பட.

"மாமா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க மாப்பிள்ளை."

"கட்டிலுக்கு அடியில பன் வச்சா தக்காளி பழுக்குமா?"

மனைவிக்குப் புரையேறியது. பிரேக்கு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழுக்காதுங்க," என்றார் கடைசியில். "நான் அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னேன் பாருங்க, பில்லுன்னு. சொல்லியிருக்கக் கூடாதுங்க."

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு தட்டை மாமியாரிடம் நீட்டினார்.

"அப்ப இனிமே தட்டுலயே வச்சிடுங்க அத்தை. குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குது."

அவள் அள்ளி அள்ளி வைத்தாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பிரேக்குக்கு அருமையான ஒரு நக்கல் நாக்கு நுனிவரை வந்தது. அதை ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார்.