விருந்தாளிக் காடு

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் தலைநகர் வில்னியூஸுக்குத் திரும்பும் ரயிலில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். நடுவில் ஒரு கூடைக் காளான். அரை மணி நேரத்தில் அவர்களுக்குள் இரண்டே வாக்கியங்கள்.

"பழைய இடத்துல பாசி திரும்ப வந்துடுச்சாண்ணா?"

"பதினோரு வருஷத்துல பாதி வந்திருக்கு."

இந்த இரண்டை வைத்து மற்றதை நான் கட்டினேன். பெயர்களும் நான் வைத்தவை: எவால்டாஸ், யோவிதா.

2

முதல் தொடக்கம்: கோட்டைக் குன்றிலிருந்து பார்த்தால் நகரம் முழுக்கச் செவ்வோடுகள், நடுநடுவே தேவாலயக் கோபுரங்கள், அதற்கப்பால்

[நிறுத்திவிட்டேன். இங்கேயே வாழ்கிறவன் குன்றைப் பற்றி எழுதினால், கதை கைவசம் இல்லை என்று அர்த்தம்.]

இரண்டாவது தொடக்கம்: டப்ளினிலிருந்து பதினோரு வருடம் கழித்து வந்த தங்கையை எவால்டாஸ் அதே குன்றுக்குத்தான் அழைத்துப் போனார்.

"மேல ஏறினா ஆறு தெரியும்," என்றார்.

"தெரியும்ணா. இந்தக் கல்லுல விழுந்துதான் எனக்குப் பல்லு போச்சு."

"அப்ப பாத்து ஏறு."

பிறகு பேராலயம். பிறகு பழைய நகரத்தில், வெளியூர்க்காரர்கள் உட்காரும் கடையில், இளஞ்சிவப்பு பீட்ரூட் சூப். யோவிதாவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் தன்னை விருந்தாளியாக நடத்துகிறார்.

3

(தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.)

எங்கள் மக்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், வியாதியைச் சொல்வார்கள், காளான் கிடைக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். அது குடும்பத்துக்குள் இருப்பது. வருகிறவர்களுக்கென்று வேறொரு காடு உண்டு. நல்ல பாதை, சுமாரான காளான்.

யோவிதா ஒருமுறை அலுவலக நண்பர்களை இரண்டு கார்களில் சொந்த இடத்துக்கே கூட்டிப் போனாள். பெருமைக்குத்தான். அவர்கள் மற்றவர்களுக்கும் சொல்ல, அடுத்த இலையுதிர் காலத்தில் ஆட்கள் தோண்டியதில் அங்கே பாசி மொத்தமும் பெயர்ந்து கிடந்தது. எவால்டாஸ் திட்டவில்லை. அவள் நாட்டை விட்டுப் போன பிறகு வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார், அவ்வளவுதான். இதற்கிடையில் வேறோர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

ஞாயிறன்று "காட்டுக்குப் போலாம்" என்றார். எந்தக் காடு என்று சொல்லவில்லை. யோவிதா கேட்கவும் முடியாது.

[இங்கே ரயில் நிறுத்தத்தின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். மாற்றிய பெயரும் யாரோ ஒருவருடைய காடாக இருக்கும் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.]

4

காட்டில் எவால்டாஸை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வரைவில் பாதையிலேயே நடந்தார். இன்னொன்றில் புதருக்குள் புகுந்தார். கடைசியில் அவளைச் சுற்றிச் சுற்றி நடத்தினார்.

"இந்த மரத்த ரெண்டாவது தடவ பாக்குறேன்ணா."

"காட்டுல மரம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க டப்ளின்ல காளான் டப்பாவுலயே முளைக்குமாமே, இந்தத் தொல்லை இல்ல."

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கீழ பாரு. மிதிக்கப் போற."

காலடியில் பழுப்புத் தொப்பியோடு ஒன்று இருந்தது. அதை வெட்டியெடுப்பதில் கேள்வி போய்விட்டது.

வழியை அவள் மறக்கட்டும் என்று சுற்றினார் என்றால் அது சொந்தக் காடு. சொந்தக் காடு என்று அவளை நினைக்கவைக்க மட்டும் சுற்றினார் என்றால்

கூடை முக்கால் நிறைந்தது. (இது கற்பனை இல்லை, ரயிலில் பார்த்தேன்.) விருந்தாளிக் காட்டுக்கு அது அதிகம். சொந்தக் காட்டுக்குக் குறைவு.

5

முதல் முடிவு: யோவிதா அழுதபடி மன்னிப்புக் கேட்கிறாள், எவால்டாஸ் அவளை அணைத்து [ரயிலிலா? எங்கள் ஆட்களா?]

நடந்ததையே எழுதிவிடுகிறேன். இடையில் ஏறிய ஓர் அம்மாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே கண்ணு. எங்க பொறுக்குன?"

இதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காப்பாற்ற ஓர் இடம் இருப்பவர்கள் பொய் சொல்வார்கள். இல்லாதவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. தயங்காமல் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். "அங்க ஏரிக்குப் பின்னாடிம்மா. போன வாரம் இன்னும் நிறைய இருந்துச்சாம்."

அந்த ஊர் எனக்குத் தெரியும். அங்கே ஏரி கிடையாது.

அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினார். "எடது பக்கமா போங்க," என்றார் அந்த அம்மாளிடம். "வலது பக்கம் சேறு."

அவர்கள் அன்று போனது எந்தக் காடு என்று எனக்குத் தெரியாது. நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். செய்தபின் யாரிடமும் சொல்லாதீர்கள்.