எந்தக் காத்து குடுக்கறது?

சித்திரை மாதத்து நடுப்பகலில், பழவேற்காட்டு ஏரி முழுக்கக் காற்றில்லாமல் படகுப் பாய்கள் தொங்கிக் கிடக்கும் நேரத்தில், பொன்னுரங்கத்தின் படகில் படுத்திருக்கும் நோயாளியின்மேல் மட்டும் காற்றடிக்கும். பக்கத்தில் துடுப்புப் போடுகிறவனுக்கு வேர்த்துக் கொட்டும். நோயாளிக்குத் தலைமயிர் பறக்கும். அதைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். குப்பத்துக்காரர்களுக்கு அது வந்த விதம் தெரியும்.

உலாந்தாக்காரர் எனப்பட்ட டச்சுக்காரரின் கோட்டை எழும்பி ஐம்பது வருஷம் ஆனபோது, கோட்டை வைத்தியர் நோயாளிப் படகு ஒன்றை விட்டார். முழுகினவன், பாம்பு தீண்டினவன், பிள்ளைத்தாய்ச்சி, யாரானாலும் குப்பம் குப்பமாகப் போய் ஏற்றிவர வேண்டியது. பழைய கப்பல் பாய் ஒன்றை வெட்டி அதற்குக் கூரை போட்டிருந்தார்கள். குப்பத்துக்கு ஒருவனாகத் துடுப்புக்காரர்கள் ஆறு பேர், விதிகள் பன்னிரண்டு. ரத்தம் ஓடினால் துணி வைத்து அழுத்து, கால் முறிந்தால் கட்டை வைத்துக் கட்டு, இந்த மாதிரி. துபாஷி ஆபிரகாம் விதிப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ஆறு பேரும் ஒரு மாதத்தில் நெட்டுருப் போட்டு ஒப்பிக்க வேண்டும். எவன் நன்றாகத் தேறுகிறானோ அவன் குப்பத்துத் துறையில்தான் படகு நிற்கும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஆறு பேரில் ஒருவனான பொன்னுரங்கத்துக்கு அந்தப் படகு வேண்டும். மனைவி பச்சையம்மாவுக்கு ஏழாம் மாதம். மருத்துவச்சியை அழைத்துவர அவன் படகு தேடி அலைந்த நேரத்தில்தான் முதல் பிள்ளை பிறந்து, மூச்சே விடாமல் போய்ச் சேர்ந்தது. இப்போது பச்சையம்மா வயிற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவன் துறையில் படகு ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

முதல் மூன்று விதிகள் மளமளவென்று மண்டையில் ஏறின. நான்காவதில் மாட்டிக்கொண்டான். மூச்சு நின்றவனுக்குக் காற்றுக் கொடு. வைத்தியர் சொன்னதென்னவோ வாயோடு வாய் வைத்து ஊது என்றுதான். ஆபிரகாம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, காற்று என்று சுருக்கிவிட்டார். ஆனால் கடலில் பிழைக்கிறவனிடம் வெறும் காற்று என்றால் எப்படி? வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கச்சான்.

"எந்தக் காத்துனு சொல்லலியே, துபாஷியாரே?"

"இன்னாத்துக்கு உனக்கு அதெல்லாம்? ஏதோ ஒரு காத்து. நெட்டுருப் போடுப்பா."

"வாடைய குடுத்தா இருமியே சாவான். கச்சான குடுத்தா காஞ்சி பூடுவான். அப்பால என்னியதானே கேப்பாங்க!"

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். வீட்டிலும் அதையே கேட்டபோது பச்சையம்மா சிரிக்கவில்லை. "இந்தாய்யா, குந்திகினு என் தலைய ஏன் துன்றே? காத்துங்களையே போய்க் கேளு" என்று விரட்டினாள். அவனும் தினமும் முகத்துவாரத்து மணல்திட்டில் நின்று ஒவ்வொரு காற்றிடமும் விதியை ஒப்பித்தான். இருபதாம் நாள் கூப்பிட்டால் வர ஆரம்பித்தன. வாடையை அண்ணே என்று கூப்பிட வேண்டும். கொண்டல், அக்கா என்றால்தான் திரும்பிப் பார்க்கும். தென்றலுக்குக் கொஞ்சல், கச்சானுக்கு அதட்டல்.

ஒப்பிக்கிற நாளில் வைத்தியர் படகிலேயே உட்கார்ந்து கேட்டார். ஐந்து பேரும் கிளிமாதிரிச் சொல்லி முடித்தார்கள். பொன்னுரங்கம் நான்காம் விதியைச் சொல்லிவிட்டு, "எந்தக் காத்து தொரை?" என்றான். ஆபிரகாம் தலையிலடித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தார். வைத்தியர் ஆத்திரத்தோடு எழுந்து ஓரடி வைத்தார். அந்த இடத்தில் படகு இல்லை. ஏரியில் இடுப்பளவு தண்ணீர்தான். அதிலும் முழுகுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவரிடம் இருந்தது. யாரோ கட்டியிருந்த வலையில் சிக்கிக்கொண்டார். அறுத்துப் படகில் தூக்கிப்போட்டபோது மூச்சில்லை.

ஐந்து பேரும் நான்காம் விதியைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். வைத்தியர் நீலமாகிக்கொண்டே போனார். பொன்னுரங்கம் வாடையைக் கூப்பிட்டான். அவர் தாடி ஆடியது, அவ்வளவுதான். கொண்டலும் தென்றலும் கச்சானும் வந்து வந்து தோற்றுப் போயின. ஐயோ, இந்த ஆளுக்கு இந்த ஊர்க் காற்று எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூரையை அண்ணாந்து பார்த்தான். அவர் ஊரிலிருந்து வந்த பாய்! அவிழ்த்து உதறினான். மடிப்புக்குள் கிடந்த காற்று வெண்ணெய் வாசனையோடு சில்லென்று இறங்கியது; இரண்டு பனிக்கட்டிகளும் விழுந்தன. வைத்தியர் தும்மினார். எழுந்து உட்கார்ந்தார். ஆபிரகாமிடமிருந்து புத்தகத்தை வாங்கி நான்காம் விதிக்குப் பக்கத்தில், எந்தக் காற்று என்று கேட்டுக் கொடு என எழுதினார்.

படகு பொன்னுரங்கத்தின் துறைக்கே வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒரு பட்டப்பகலில் மருத்துவச்சியோடு பச்சையம்மாவை ஏற்றிக்கொண்டு போகையில், நடு ஏரியிலேயே பெண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. பொன்னுரங்கம் பிள்ளையைக் கையில் வாங்கினான். இன்னும் எந்த ஊருமே ஆகாத பிள்ளையிடம் எதைக் கேட்பான்?

"எந்தக் காத்துடி பச்சே?" என்று அலறினான்.

"எல்லாத்தையும் குடுய்யா!" என்றாள் அவள். "வோணுங்கறத அது எடுத்துக்கட்டும்!"

நான்கு திசையிலிருந்தும் வந்தன. கூரைப் பாயும் கூப்பிடாமலே படபடத்தது. பிள்ளை வீறிட்ட சத்தத்தில் எதிர்க்கரை நாரைகள் எழும்பின. பொன்னுரங்கம் அதைவிடச் சத்தமாக அழுதான். துடுப்புக்காரர்களோ ஒரு கை துடுப்பில், ஒரு கை தலைப்பாகையில். மறுநாள் ஆபிரகாம் சொல்ல, வைத்தியர் நான்காம் விதியின் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: பிறந்த பிள்ளையானால் கேட்காதே, எல்லாவற்றையும் கொடு.