ஜன்னல் பாடு

1

ஒரு வாரப் பத்திரிகைக்காரர் கேட்ட கட்டுரையில் இருந்துதான் இந்தக் கதை வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘எளிய படுக்கையறை, செடிகளால் அழகு’ என்பது அவர் கொடுத்த தலைப்பு. பொங்கல் மலரில் இரண்டு பக்கம், கூடவே படம் போடுவார்களாம். என் படுக்கையறையில் இருப்பது ஒரே ஒரு மணி பிளான்ட். அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டிலில், வளரவும் மாட்டேன் சாகவும் மாட்டேன் என்று நிற்கிறது. ஆனாலும் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

‘முதலில் படுக்கையறையில் உள்ள வேண்டாத பொருட்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள்’ என்று ஆரம்பித்தேன். அந்த வரியோடு பேனா நின்றுவிட்டது. வரதன் ஞாபகம் வந்துவிட்டான். அவன் அறையிலிருந்து வெளியே எடுக்க ஒன்றுமே கிடையாது.

வரதன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு குப்பத்தில் வீடு. போன வருஷம், எண்பத்தைந்து பங்குனியில், பூநாரை பார்க்கப் போன நான் வெயிலில் தலை சுற்றி அவன் வீட்டு அறையில் ஒரு பகல் படுத்துக் கிடந்தேன். அங்கே ஒரு கேள்வி கேட்டேன். அவன் ஒரு வரியில் பதில் சொன்னான். எனக்கு நிஜமாகத் தெரிந்தது அந்த அறையும் அந்தப் பதிலும் மட்டும்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பதிலை இப்போதே சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவீர்கள், அதனால் கடைசியில் சொல்கிறேன்.

2

‘ஏரியின் மேல் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை —’

வேண்டாம்.

‘வரதன் ஒரு ஏழை மீனவன். அவன் வாழ்வில் —’

இதையும் அடித்துவிட்டேன். ஏழைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனபோது அவன் முகத்தில் இருந்த பெருமைக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

‘வரதனுக்கு அறை காலியாக இருக்க வேண்டும்.’

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

3

வரதனுக்கு அறை காலியாக இருக்க வேண்டும். அவன் பிறந்த வீட்டில் வலையும் கூடையும் கருவாட்டு மூட்டையும் கூடப் பிறந்தவர்களும் அடைந்து கிடந்தார்கள். புரண்டு படுத்தால் யாருடைய காலாவது மூக்கில் இடிக்கும். தனியாகச் செங்கல்லில் ஒரு அறை கட்டிக்கொண்டபோது அவன் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: படகில் வேண்டாத சாமான் ஏறக் கூடாது, அறையிலும் அப்படித்தான். ஒரு பாய், சட்டை மாட்ட ஒரு ஆணி, தெற்கே பார்த்து ஒரு ஜன்னல். கடல் பக்கம் ஜன்னல் வைத்தால் சோற்றில் மணல் விழும் என்று அந்தப் பக்கம் வைக்கவில்லை. ஏரியிலிருந்து திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே பாயை விரித்தால் காற்று நெற்றியில் வந்து படும். அந்தக் காற்றுக்காகத்தான் இவன் வேலைக்கே போகிறான் என்று வேணு கிண்டல் செய்வான். வேணு, குப்பத்துக்கும் பழவேற்காட்டுக்கும் ஆள் ஏற்றிப்போகிற படகுக்காரன்.

எழுபத்தெட்டில் கல்யாணம். ராஜாத்தி ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். அவளும் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் அவளுடைய நைனா திருப்பாலைவனத்தில் அரிசி மில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கிணற்றடியில் வெற்றிலையும் வேலியில் அவரையுமாக வளர்ந்தவள். பெட்டி ஆணிக்குக் கீழே உட்கார்ந்தது. வரதன் பாயைக் கொஞ்சம் தள்ளி விரித்துக்கொண்டான்.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போய் வந்தபோது கோணியில் மண் கட்டிக்கொண்டு வந்தாள். நம்ம ஊரில் இல்லாத மண்ணா என்று வேணு கேட்டதற்கு, உங்க ஊரில் இருப்பது மணல், இதுதான் மண் என்றாளாம். படகு முழுக்கச் சிரித்தது.

வாசலில் கனகாம்பரம் வைத்தாள். உப்புக்காற்று பாதியைக் கருக்கியது, மீதியை ஆடு மேய்ந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி கருகியது. அப்புறம்தான் செடிகள் அறைக்குள் வந்தன. டால்டா டின்னில்* ஓமவல்லி, பெயிண்ட் டப்பாவில் குரோட்டன்ஸ், பாட்டிலில் மணி பிளான்ட், வாய் உடைந்த பானையில் வெற்றிலைக் கொடி. சுவருக்குள் இருந்தால் உப்பு அண்டாது. ஆனால் வெளிச்சம் வேண்டுமே. வெளிச்சம் வருகிற இடம் ஒன்றுதான்.

(* பத்திரிகைக்காரர் ‘பீங்கான் தொட்டி’ என்று எழுதச் சொல்லியிருந்தார். டால்டா டின்னுக்கு அடியில் ஆணியால் ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். பிறகு ஒரு வழியாகக் கட்டுரையை முடித்தபோது இதையும் சேர்த்தேன், அவர் வெட்டிவிட்டார்.)

4

ஜன்னல் கட்டையில் ஒரு தொட்டிக்குத்தான் இடம். அதை வைத்தால் காற்று மறையும், போதாக்குறைக்குத் தண்ணீர் வேறு படுத்திருக்கிறவன் மூக்கில் சொட்டும். மற்றவை கீழே தரையில், பாய் விரிக்கிற இடத்தில் நின்றன. வரதன் வந்ததும் எல்லாவற்றையும் இருட்டு மூலைக்கு நகர்த்திவிட்டுப் படுப்பான். அவன் எழுந்து போனதும் ராஜாத்தி திரும்ப நகர்த்துவாள். இலை மஞ்சளாகும். அவன் தூக்கம் கெடும். இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தொட்டிகள் தரையில் இழுபடுகிற சத்தத்தில் எல்லாம் விளங்கியது.

இப்படியே கொஞ்ச காலம் போனது. அவள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போக அவளுடைய அம்மா கஸ்தூரியம்மாள் வந்தாள். அறையை எட்டிப் பார்த்தாள். தன் கிணற்றடியிலிருந்து கொடுத்தனுப்பிய வெற்றிலைக் கொடி சோர்ந்து கிடந்ததைப் பார்த்தாள். மருமகனை உட்காரவைத்து, நல்ல மாதிரியாகவே, மில்லில் ஆள் கேட்கிறார்கள், பிள்ளை பிறந்ததும் நீயும் அங்கேயே வந்துவிடலாமே என்றாள். பிறகு கொடியைக் காட்டிச் சொன்னாள்: “இது நிக்காத எடத்துல எம்பொண்ணும் பேரப்புள்ளையும் எப்பிடி நிக்கும், நீயே சொல்லு.”

வரதன் மனைவியைப் பார்த்தான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படகில் ஏறும்போது மட்டும், “செடிங்கள பாத்துக்கய்யா” என்றாள்.

அவள் திரும்பி வருவதும் வராததும் இனி இந்தச் செடிகள் கையில்தான் என்று அவனுக்குப் புரிந்தது. ஏரியை விட்டு, ஜன்னலை விட்டு, தவிட்டுத் தூசியில் மூட்டை தூக்கப் போக அவனால் முடியாது. அவளை விட்டு இருக்கவும் முடியாது.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வரதன் இவ்வளவு நல்லவனா? நீங்களும் கேட்பீர்கள் என்றுதான் அவனைக் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன்.

‘அன்று வரதன் குடித்துவிட்டு வந்து குரோட்டன்ஸைத் தூக்கி —’

சரிப்படவில்லை. நான் பார்த்த ஆள் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கிறவன். ஆகையால் அவனை நல்லவனாக விட்டு, விவரம் தெரியாதவனாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். இது நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

விவரம் தெரியாமல் முதலில் ஏரித் தண்ணீரை ஊற்றினான். ஓமவல்லி இரண்டே நாளில் துவண்டது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மணலில் தோண்டிய ஊற்றில் போய், ஊறி வரும்வரை காத்திருந்து மொண்டு வர வேண்டும். அங்கே பெண்கள்தான் வரிசையில் நிற்பார்கள். வரதன் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு போய் நின்றான். அன்றைக்குக் குப்பத்தில் வேறு பேச்சே இல்லை. இருசம்மாள் என்கிற பெரிய வாய்க்காரி, புள்ளத்தாச்சி அங்கே இருக்க மசக்கை உனக்கா என்று கேட்டாள். அவன் வெட்கப்பட்டான், ஆனால் மறுநாளும் போனான். சில நாளில் அவர்களே அவனுக்கு இடம் விட்டார்கள்.

தண்ணீர் சரியானது, வெளிச்சம் சரியாகவில்லை. எல்லாத் தொட்டியையும் ஜன்னலடியில் நெருக்கினால் ஒன்றின் நிழலில் ஒன்று வாடுகிறது. அவனுக்குப் படுக்க இடமில்லை. தூங்காமல் ஏரிக்குப் போனால் படகில் கண் சொக்குகிறது.

6

அந்தச் சமயத்தில் ஊர் கூடிப் பாடு போட்டார்கள்.

ஏரியில் இறால் வரத்து நன்றாக இருக்கிற இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் நிறைய. அடித்துக்கொள்ளாமல் இருக்க, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. இன்று உன் பாடு என்றால் இன்று நீ மட்டும்தான் அங்கே வலை கட்டலாம். நீ காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் அடுத்தவன் அங்கே கை வைக்க மாட்டான். கல்யாணமான ஆணுக்கு ஒரு பங்கு. பெண்களுக்குப் பங்கு கிடையாது, கேட்டதும் கிடையாது.

வரதன் சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று அறையைப் பார்த்தான். ஒரு ஏரியையே சண்டை இல்லாமல் பங்கு போட்டுக்கொள்கிறோம், ஒரு ஜன்னலைப் பங்கு போட முடியாதா என்று தோன்றியது.

அன்றைக்கே ஜன்னலுக்குப் பாடு போட்டான். ஓமவல்லிக்கு ஒரு நாள், குரோட்டன்ஸுக்கு ஒரு நாள், மணி பிளான்ட்டுக்கு ஒரு நாள், வெற்றிலைக் கொடி சீக்காளி என்பதால் அதற்கு மட்டும் இரண்டு நாள். கடைசியில் தனக்கும் ஒரு நாள். தன் பாடு வந்த அன்று கட்டையில் ஒன்றும் இருக்காது. காற்று நேராக நெற்றிக்கு வரும். அன்றைக்குத் தூங்குகிற தூக்கம் முன்பு தினமும் தூங்கினதைவிட இனிப்பாக இருந்தது. மற்ற நாளில் சுவரோரம் வியர்வையில் படுத்துக்கொண்டு, வெளிச்சத்தில் தன் பாட்டை அனுபவிக்கிற செடியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பொறாமையாகக்கூட இருக்கும். ஆனால் முறை முறைதானே.

(காலி அறைக்கு ஆசைப்பட்டவன் செடிகளோடு சேர்ந்து வரிசையில் நிற்கிற இந்த இடத்தை எழுதும்போது எனக்கே மனசு நிறைந்திருந்தது. கட்டுரையை மறந்தே போனேன்.)

7

குழந்தை பிறந்த ஐந்தாம் மாதத்தில் கஸ்தூரியம்மாள் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வேணுவின் படகில் வந்து இறங்கினாள். விட்டுப்போக வந்தாளா, பெட்டியை எடுத்துப்போக வந்தாளா என்று வேணுவுக்கும் தெரியவில்லை. இறங்கியதும் நேரே அறைக்குப் போனாள்.

வெற்றிலைக் கொடியில் பழைய இலை பாதி கொட்டியிருந்தது. நுனியில் ஒரு புது இலை, விரல் நகம் அளவு. கஸ்தூரியம்மாள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ராஜாத்தி குழந்தையோடு நடு அறையில் நின்றாள். செடிகள் எல்லாம் சுவரோரம், ஜன்னல் காலி. பாய் விரித்திருந்தது. திரும்பவும் மூலைக்குத் தள்ளிவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவன் அவசரமாகப் பாடு விஷயத்தைச் சொன்னான், ஊற்றங்கரையில் நின்றதையும் சேர்த்து. கேட்கக் கேட்க அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

“எனுக்கு எந்த நாளு?”

வரதன் முழித்தான். அப்படி ஒன்று அவன் புத்தியில் படவே இல்லை. ஏரியில் இல்லாத வழக்கம்.

“என் நாள நீ எட்துக்கமே.”

“உன் நாள யாருய்யா கேட்டா? அது உன்னுது. எனுக்குனு ஒரு நாளு, இவுளுக்குனு ஒரு நாளு. வைக்கறதா இருந்தா சொல்லு, பெட்டி இங்கியே இருக்கட்டும்.”

8

முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் வரதன் சரி என்கிறான். மாமியார் சிரித்துக்கொண்டே படகேறுகிறாள். பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும்.

இன்னொன்றில் அவன் தயங்குகிறான். பெண்ணுக்குப் பங்கு வைத்தான் என்று ஊரில் தெரிந்தால் ஊற்றங்கரைச் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பாகும். தயங்குகிற நேரத்தில் வேணு படகை எடுக்கக் கூப்பிடுகிறான். ராஜாத்தி —

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவதில் வெற்றிலைக் கொடி பேசுகிறது. அதை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது.

9

இனி நிஜம். எனக்குத் தெரிந்த அந்தக் கொஞ்சம்.

நான் படுத்துக் கிடந்த அறையில் ஒரு பாயும் ஆணியும் தகரப் பெட்டியும் இருந்தன. பெட்டி கதையில் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது, நான் வைத்ததல்ல. சுவரோரம் டின்னும் டப்பாவுமாக வரிசையாகச் செடிகள். வெற்றிலைக் கொடி ஆணி வரை ஏறி அவன் சட்டையின் தோளைப் பிடித்திருந்தது. அவ்வளவு செடிகளும் நிழலில் இருக்க, ஜன்னல் மட்டும் காலி. வெளிச்சம் வெறும் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. அதில் யாரும் இல்லை. வெளியே ஒரு பெண் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. வரதன் எனக்கு மோர் கொண்டுவந்தான். அவனும் அந்தச் சதுரத்தில் கால் வைக்காமல் சுற்றித்தான் வந்தான்.

ஜன்னல் சும்மாதானே இருக்கிறது, ஒரு தொட்டியை அங்கே வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“இன்னிக்கி பாப்பா பாடு சார். இஸ்கூல் உட்டு வந்துருவா.”

அவ்வளவுதான் அவன் சொன்னது. கடைசிப் படகு என்று வேணு கூப்பிட்டதால் நான் கிளம்பிவிட்டேன். பாப்பாவைப் பார்க்கவில்லை. வந்து அந்த வெளிச்சத்தில் என்ன செய்வாள்? படுப்பாளா, பாடம் படிப்பாளா, பொம்மை வைத்து விளையாடுவாளா, இல்லை கையில் புதிதாக ஒரு செடி பிடுங்கி வந்து தன் நாளை அதற்குக் கொடுத்துவிடுவாளா? எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் நாளில் நான் கை வைப்பது முறையில்லை என்று பட்டது.

நீங்கள் வேண்டுமானால் அந்த அறையில் கொஞ்சம் இருந்து பாருங்கள். சுவரோரமாக, செடிகளோடு. பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.