வாயால் கேட்டால் ஒரு மாதம்

“வாயால கேட்டா ஒரு மாசம், கையால கேட்டா ஒரு வாரம். எது வசதி?”

தையல் கடைக்கு யார் வந்தாலும் என் அண்ணி முதலில் கேட்பது இதைத்தான். அண்ணன் மனைவி என்றாலும் எங்கள் இருவருக்கும் ஒரே வயது, அதனால் வா, போ தான். தெருவுக்கெல்லாம் அவள் டெய்லர் பாட்டி. கடை என்பது வீட்டின் முன்னறை. வெட்டுகிற மேசை ஒன்று, மெஷின் இரண்டு, சுவரோரம் துணி அடுக்கு. கையால் கேட்பதென்றால் காது கேளாதவர்கள் பேசுகிற கைப்பேச்சில் கேட்பது. தெரியாதவர்களுக்கு அங்கேயே நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். முடியாது என்று முறைத்துக்கொண்டால் துணி அடுக்கின் அடிக்குப் போய்விடும்.

“நல்லா இருக்கே பாட்டி! காசும் குடுத்துட்டு நாட்டியமும் ஆடணுமா?” என்று குதித்தார் ரொட்டிக்கடைக்காரர்.

“ஆடுங்களேன். தொப்பை குறையும். எனக்கும் துணி மிச்சம்.”

அவரும் கற்றுக்கொண்டார். கல்யாணத்துக்குக் கோட்டு வேண்டுமே!

இத்தனையும் ஒரு குழந்தைக்காக. அண்ணியின் மகள் இறந்தபோது விட்டுப்போன ஒரே பெண்; பிறவியிலேயே காது கேட்காது. தூங்கும்போதுகூடக் கை ஓயாது என்று அண்ணி அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. பக்கத்து நகரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருந்த பள்ளியில் சேர்த்தோம். சேர்த்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம், அண்ணியைக் காணவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.

“பாட்டி, பெரியவங்களுக்கு இங்க வகுப்பு கிடையாதே,” என்றாள் டீச்சர்.

“நான் எங்கம்மா பெரியவ? ஒண்ணாம் வகுப்பு.”

கடைக்கு விடுமுறை என்றால் பஸ் ஏறிவிடுவாள். தலை நரைத்த பிறகு ஒரு புது மொழியைப் படித்தாள். அவளுக்கு வலது சுண்டுவிரல் மடங்காது; சின்ன வயதில் கடை ஷட்டர் விழுந்து நசுங்கியது. கத்தரி பிடித்தாலும் டீ டம்ளர் பிடித்தாலும் அது மட்டும் தனியே நின்று வேடிக்கை பார்க்கும். அந்தக் கையோடுதான் படித்தாள். படித்ததைத் தெருவுக்கு அளந்து வெட்டிக் கொடுத்தாள்.

“உனக்குத் தெரிஞ்சா போதாதா? ஊரை ஏன் இந்தப் பாடு படுத்தற?” என்று ஒருநாள் கேட்டேன்.

பல்லில் நூலோடு நிமிர்ந்தாள். “நான் ஒருத்தியே போதும்னா, நான் சாகாம இருக்கணும். அது முடியுமா? நீ நாத்தனார், உனக்கே அதுல சம்மதம் இருக்காது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நூலைக் கடித்துவிட்டு அடுத்த பட்டனை எடுத்தாள்.

போன வாரம் ஒரு மதியம், மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கால் பெடலில்தான் இருந்தது.

பெருநகரத்திலிருந்து அவள் மகன் வந்தான். தங்கமான பிள்ளை, ரெடிமேட் சட்டையே போடுகிறவன். முன்பு ஒருமுறை போனில் கேட்டான்: “அம்மா, எனக்கு ஒரு நீலச் சட்டை தைச்சுக் குடேன்.”

“வாயால கேக்கறியா, கையால கேக்கறியா?”

“போன்ல எப்படிம்மா கையால கேக்கறது?”

“அப்ப நேர்ல வந்து கேளு.”

துணியை அன்றைக்கே வாங்கி அடுக்கின் அடியில் வைத்தாள். அவன் வருவான், வந்த காலோடு கிளம்புவான். துணி அங்கேயே கிடந்தது.

இப்போது அவன் முன்னறையில், வீட்டுச் சாவியை உள்ளங்கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

“அத்தை, வீட்டைப் பூட்டிடலாம்னு இருக்கேன். பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அவளைக் கேட்டியா?”

“எப்படிக் கேக்கறது?” என்றான். “அம்மா இருந்த வரைக்கும் சரி. நாளைக்கு ஒரு அவசரம்னா இவ யார்கிட்ட சொல்லுவா? சொன்னாலும் யாருக்குப் புரியும்?”

“நான் இல்லையா?”

“நீங்களும் அம்மா வயசுதானே அத்தை.”

“தெரியும்டா. நீ வேற ஞாபகப்படுத்தணுமா?”

வாயாடி இப்போது வளர்ந்த பெண். படிப்பை முடித்து வந்து இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தவள். எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா என்ன சொல்றாரு?” என்று கையால் கேட்டாள்.

“உன்னைத் தன்கூடக் கூட்டிட்டுப் போறாராம்.”

“கடை?”

“பூட்டணுமாம்.”

“நான் போகலை. எனக்கு இதான் வீடு.”

அதை அவனிடம் சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்தான், முடியாது என்று. வாயாடி இரண்டு கைகளையும் மேசைத் துணிக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். முதலில் ரொட்டிக்கடைக்காரர். அண்ணன் மகனிடம் வாயால் ஆறுதல் சொன்னார். பிறகு வாயாடியின் முன்னால் போய் நின்று கைகளைத் தூக்கினார், இறக்கினார். பாவம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் தையல் கடைப் பேச்சு. துக்கத்துக்கு அதில் ஏது வார்த்தை? கடைசியில் அண்ணியின் காலி நாற்காலியைக் காட்டினார், தெருவைக் காட்டினார், கையை விரித்துச் சொன்னார்:

“ரொம்ப லூஸ். அளவு சரியில்லை.”

அடுத்து முடிவெட்டுகிறவர். சட்டையின் நெஞ்சைத் தொட்டு, “பட்டன் அறுந்துபோச்சு,” என்றார்.

பள்ளி வேன் ஓட்டுகிற டிரைவர் ஆள் மலைபோல இருப்பார். வாசற்படியைத் தாண்டும்போதே கண்ணீர். “கிழிஞ்சிருக்கு. தைக்க முடியாது.”

ஒவ்வொன்றையும் நான் அண்ணன் மகனுக்கு வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். வந்தவர்கள் எல்லோரும் போகும்போது ஒரே வார்த்தை சொன்னார்கள். முஷ்டியைக் கன்னத்தருகே வைத்து முன்னால் தள்ளினார்கள்: “நாளைக்கு.” நாளைக்கு வருகிறேன் என்று ஒருவர், நாளைக்கு ரொட்டி கொண்டுவருகிறேன் என்று மற்றவர்.

வாயாடியின் கைகள் துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. என் தோளைத் தட்டினாள்.

“சின்னப்பாட்டி, அவங்க சுண்டுவிரலைப் பாருங்க.”

பார்த்தேன். டிரைவரின் முஷ்டியில் சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக நின்றது. முடிவெட்டுகிறவருக்கும் அப்படியே. வாசலில் ரொட்டிக்கடைக்காரருக்கும்.

“ஏன், அது அப்படித்தானே?” என்று கேட்டேன்.

“இல்லை. நாளைக்குன்னா அஞ்சு விரலும் மடங்கணும். பாட்டிக்கு மடங்காது. இவங்களுக்கு என்ன?”

என் கையைக் கன்னத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். என் சுண்டுவிரலும் நின்றுகொண்டிருந்தது. எந்த நோவும் இல்லாத விரல். இத்தனை வருஷமாக அதுவும் வார்த்தையில் ஒரு பகுதி என்று நினைத்து நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன். நான் மட்டுமா, இந்தத் தெருவே பிடித்திருக்கிறது. அவள் கை போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தோம். அது ஒவ்வொருவர் தோளிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். எதிர்ச்சாரியில் ரொட்டிக்கடைக்காரரும் இந்தப் பக்கம் டிரைவரும், பஸ் இரைச்சலில் கத்த அலுப்புப்பட்டு, தெருவின் குறுக்கே கையாலேயே ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு சுண்டுவிரல்களும் கொடிக்கம்பம் போல நின்றன. அவன் வெகுநேரம் பார்த்தான்.

உள்ளே வந்து சாவியை வாயாடியின் மெஷின்மேல் வைத்தான்.

“அத்தை, அந்த நீலத்துணி இருக்கா?”

“இருக்கு. அடியில.”

“தைச்சுத் தரச் சொல்லுங்க.”

“நான் ஏன் சொல்லணும்? கடைக்காரி அதோ உட்கார்ந்திருக்கா. வாயால கேட்டா ஒரு மாசம்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். தன் உடம்பின்மேலேயே ஒரு சட்டையை வரைந்து காட்டினான், கை, காலர், பட்டன். கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அண்ணியின் அதே கடுகடு முகத்தோடு கேட்டாள்: “எப்ப வேணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முஷ்டியைக் கன்னத்தருகே வைத்து முன்னால் தள்ளினான். சுண்டுவிரல் நின்றது.

அதை மடக்கிவிட வாயாடி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு குனிந்து, மேலே இருந்த துணிகளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அடியிலிருந்த நீலத்தை உருவினாள்.