நிலோஜினியின் குரல்

வீடியோ கசெட்டைத் திறந்து பார்த்த மஜீட்டின் முகம் சுருங்கியது. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்.

"தங்கச்சி, இது ஒரு தரம்தான் ஓடும். அதுவும் ஓடினாத்தான்."

றஞ்சிதா தலையசைத்தாள். செங்கலடி வீடியோக் கடைக்காரர், கசெட் ஓட்டும் தன் டெக் பழுதாகிவிடும் என்று அதைத் தொடவே மறுத்துவிட்டார். ஏறாவூரில் கட்டாருக்கு வேலைக்குப் போய்வந்த மஜீட் வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பியதும் அவர்தான்.

அது றஞ்சிதாவின் தங்கையுடைய கல்யாணக் கசெட். வாகரைக் கரையில் வீட்டையும் ஐந்து வயது மகள் நிலோஜினியையும் சுனாமியில் கடல் கொண்டுபோன அன்று, மச்சாள் இரவல் வாங்கிப் போயிருந்ததால் இது மட்டும் தப்பியது. அதில் ஓரிடத்தில் நிலோஜினி பேசுவாள். பிறகு சண்டைக்குப் பயந்து முகாம் முகாமாய் அலைந்து தன்னாமுனைக்கு வந்து சேரும்வரை றஞ்சிதா அதைத் துணிப்பையிலேயே சுமந்தாள். இப்போது வன்னியில் சண்டை முற்றியிருந்தது. பொழுது சாயுமுன் சோதனைச்சாவடி தாண்டி வீடு சேரவேண்டும்.

கசெட்டை டிஸ்க்கில் பதிவதற்காக மஜீட் தன் டெக்கை ஹோம் தியேட்டர் ரிசீவரோடும், ரிசீவரை டிவிடி ரெக்கோடரோடும் இணைத்தார். பதிவாகும் படம் டிவியில் தெரியும். சத்தம் ரிசீவரின் ஸ்பீக்கர்களில் கேட்கும்.

நாடா கிரீச்சிட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியது. மேளச்சத்தத்தில் அறை அதிர்ந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த மஜீட்டின் மனைவி றஸீனா ரெக்கோடரைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்க, சத்தக் கோடு அசையுதில்லையே! படம் மட்டும்தான் பதியுது போல."

மஜீட் திடுக்கிட்டார். சத்தத்துக்கான வயரை ரிசீவரில் மாறிச் செருகியிருந்தார்.

"நிப்பாட்டட்டா தங்கச்சி?"

"நிப்பாட்டினா திரும்ப ஓடுமா நானா?" அண்ணனைக் கேட்பதுபோல் றஞ்சிதா கேட்டாள்.

"சொல்ல ஏலா."

"அப்ப வேணாம். ஓடட்டும்."

வயரை மாற்றிச் செருக அவர் அலுமாரிக்குப் பின்னால் ஊர்ந்து போனார். திரையில் தாலி கட்டி முடிந்து, கமெரா சிறுவர்கள் இருந்த பக்கம் திரும்பியது.

"கெதியா நானா! வரப்போறாள்!"

சட்டென்று சத்தக் கோடுகள் துள்ளி எழுந்தன. அதே நொடியில் திரை இருண்டது.

"அல்லாஹ்! படத்துட வயர் முறிஞ்சு போயித்து. நிப்பாட்டுங்க, வேற வயர் எடுத்துட்டு வாறன்!"

றஸீனா டெக்கை நோக்கிக் கை நீட்டினாள். றஞ்சிதா பாய்ந்து அதன் மேல் குறுக்கே விழுந்தாள்.

"தொடாதீங்க ராத்தா! மகள்ட படம் ஒண்டு இருக்கு, பாலர் பள்ளியில எடுத்தது. குரல்தான் எங்கயும் இல்ல."

திரை இருண்டிருக்க, ஸ்பீக்கரில் கமெராக்காரர் பெயர் கேட்டார்.

"என்ட பேர் நிலோஜினி. நான் கோவம்."

"யாரோட?"

"மாப்பிள்ளையோட. சித்தியைக் கூட்டிட்டுப் போகப்போறார்."

யார் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு டெக்குக்குள் ஏதோ கரகரத்தது. நாடா சிக்கி, அறுந்து, எல்லாம் அடங்கியது.

மஜீட் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் திரை கறுப்பாகவே இருந்தது. ஆனால் குரல் ஒரு சொல் விடாமல் பதிந்திருந்தது. றஞ்சிதா வாயில் சேலைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு, திரும்பவும் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அவள் கேட்காமலேயே மஜீட் இன்னொரு பிரதியும் எடுத்தார். அவள் ஒன்றை மட்டும் பைக்குள் வைத்தாள்.

"மற்றது இஞ்ச இருக்கட்டும் ராத்தா. நாங்க திரும்ப எப்ப ஓட வேண்டி வருமோ தெரியா."

றஸீனா அதை வாங்கித் தன் நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.