ஏப்ரல் பூச்சிகள்

எங்கள் ஊர்க்காரன் தன் ஆசையை ஒரு முறைதான் வாய்விட்டுச் சொல்வான். அதுவும் சன்னமான குரலில், வேறு எதையோ பார்த்துக்கொண்டு. எதிரில் இருப்பவன் அதைக் காதில் வாங்கவில்லை என்றால் தீர்ந்தது. "உனக்கு எது வசதியோ அப்படியே பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மக்காச்சோள விலைக்குத் திருப்பிவிடுவான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்து அறுபத்திரண்டு வருடமாக இதே மண்ணில் கிடக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கோட்டைவிட்டேன். அந்தக் கதைதான் இது. நான் நல்லவனாக வெளியே வரும் கதை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆர்லனும் நானும் ஊர்த் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். லாரியில் வரும் சோளத்தை அவன் எடை போடுவான், நான் ஈரம் பார்ப்பேன். அந்த முப்பத்தொரு வருடமும் இரண்டு நாள் வண்டித் தூரத்தில் இருக்கும் மாண்டனாவுக்கு மீன் பிடிக்கப் போவதைப் பற்றிப் பேசினோம். மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தூண்டில் முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை நீள நூலில் வீசி, ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இருப்பதெல்லாம் மணல் அள்ளிய பள்ளங்களில் ஊறித் தேங்கிய ஏரிகள். அதில் உள்ளங்கை அகல மீன்களைப் பிடித்துக்கொண்டே மலை ஆற்று மீன்களுக்குக் கனவு காண்போம். ஒரு வருடம் அறுவடை பிந்தியது. ஒரு வருடம் என் மகள் கல்யாணம். ஒரு வருடம் இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லை, அப்போதும் போகவில்லை.

போன நவம்பரில் ஆர்லனின் இடது கை சட்டைப் பொத்தானைப் போட மறுத்தது. ஒமாஹா நகரத்தில் பெரிய மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நரம்பு நோய் என்றார். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும், திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது. வலது கையைப் பற்றிக் கேட்டதற்கு, "ஜூன்ல கோடை வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். திரும்பி வரும்போது ஆர்லன் நூறு மைலுக்கு அறுத்த சோளக்கொல்லைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு சொன்னான்.

"வீசறதுக்கு ஒரு கை போதும்டா, லீலண்ட்."

அந்த ஒரு கை இருக்கும்போதே அவனை அந்த ஆற்றில் நிறுத்திவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் உருப்படியாக எடுத்த ஒரே முடிவு அது. அதையும் நானே கெடுத்தேன்.

பிப்ரவரியில் அவன் வீட்டுச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தோம். மாண்டனாவின் பிட்டர்ரூட் ஆறு என்று முடிவானது. ஆர்லனின் மனைவி டோரீன் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டிகளை அடுப்பிலிருந்து எடுத்துவைத்தாள். நான் படைத் தளபதி மாதிரி நின்றுகொண்டு பேசினேன். எந்தச் சாலை, எங்கே இரவு தங்கல், எத்தனை ஜோடி கம்பளிக் காலுறை, எல்லாம் என் வாயிலிருந்துதான். ஆர்லன் மேசையின் ஓரத்தில் சிறிய இடுக்கியில் முள்ளை மாட்டி, வலது கையால் பொய்ப்பூச்சி கட்டிக்கொண்டிருந்தான். இடது கை வேலைக்கு டோரீனின் விரல்கள். கடைசி முடிச்சை அவள்தான் இழுத்துப் போடுவாள்.

"ஏப்ரல்ல போலாமாடா?" என்றான் ஆர்லன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். "ஏப்ரல்லயா? மலையில பனி இடுப்பு மட்டும் கிடக்கும்டா. மீனெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தூங்கும். ஜூன் முதல் வாரம் போவோம். நம்ம ஏரியில எப்பக் கடிக்குது? ஜூன்ல. மீனுக்கு நெப்ராஸ்கா என்ன, மாண்டனா என்ன?"

டோரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளிடம் வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான்.

"உனக்கு எது வசதியோ" என்றான்.

நாட்காட்டியில் ஜூன் இரண்டாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். கை நடுங்காமல் போட்ட அழகான வட்டம். பிறகு அவன் கட்டிய பூச்சிகளை எடுத்துப் பார்த்தேன். பாதி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை, பாசி நிறம். மீதி, கொஞ்சம் பெரிய பழுப்புப் பூச்சிகள். "என்னடா இது, இத்தனூண்டு? மலை மீனு இதைத் திங்கணும்னா மூக்குக் கண்ணாடி போடணும்" என்றேன். அவனும் சிரித்தான். மொத்தம் நாற்பது பூச்சி. பெட்டியில் வரிசையாக அடுக்கி என்னிடம் கொடுத்து, "நீயே பத்திரமா வச்சுக்க" என்றான்.

மார்ச்சில் பனி கரைந்ததும் பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில் பயிற்சி ஆரம்பித்தோம். மைதானத்தில் பதினைந்து அடிக்கு ஒரு கோடு போட்டிருப்பதால் அளப்பது சுலபம். முள்ளுக்குப் பதில் நூல் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு. ஆர்லனின் வீச்சு நாற்பத்தைந்து அடியில், ஒரு இலை விழுவதைப் போல இறங்கும். என் நூல் என் தொப்பியையே பிடிக்கும்.

"மீன் பிடிக்கப் போறியா, கொசு அடிக்கப் போறியா?" என்பான்.

"எனக்கு ஒரு வேலை இருக்குடா. உன்னைக் கூட்டிட்டுப் போறது."

"அப்ப வண்டியையாவது ஒழுங்கா ஓட்டு."

ஏப்ரல் முழுவதும் அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல் இருபதாம் தேதிகூட நாற்பது அடியைத் தொட்டான். மே மாதத் தொடக்கத்தில் முப்பது. மே நடுவில் தூண்டில் கழியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்றான். அன்று காற்றே இல்லை.

அந்த வாரம்தான் படகோட்டி ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று பிட்டர்ரூட் கரையில் இருக்கும் தூண்டில் கடைக்குப் போன் செய்தேன். டெஸ் என்று ஒரு பெண் எடுத்தாள். ஜூன் முதல் வாரம் என்றேன்.

"சார், உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"என்னத்தை?"

"மலைப்பனி மொத்தமும் அப்பத்தான் உருகி இறங்கும். ஆறு பால் காப்பி மாதிரி ஓடும், மரத்தை வேரோட இழுத்துக்கிட்டு. மீன் மூக்குக்கு முன்னால பூச்சியைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதுக்குத் தெரியாது. கரையில நின்னு வேடிக்கை பாக்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப எப்ப வரணும்?"

"வந்திருக்கணும். மார்ச் கடைசி, ஏப்ரல். பனி உருகறதுக்கு முன்னாடி தண்ணி தெளிவா இருக்கும், பூச்சி பறக்கும், கூட்டமும் இருக்காது. எங்களுக்கெல்லாம் வருஷத்துலயே பிடிச்ச மாசம் ஏப்ரல்தான். இனிமே ஜூலைதான் சார். இந்த வருஷம் பனி வேற ரொம்ப. ஜூலை நடுவுல பாக்கலாம்."

போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதில் உட்காரும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. ஏப்ரல் என்று அவன் சொன்னானே! தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான், குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாக அமைந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். அதையே என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவனிடம் போய், "நாம தங்கற ஆத்தங்கரைக் கேபின்ல தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்சாம்டா. ரிப்பேர் பண்ண ஜூலை ஆகுமாம்" என்றேன். 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்பது மூன்றே சொல். அந்த மூன்றுக்குப் பதில் காதைச் சொறிந்துகொண்டேன். ஆர்லன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி, உனக்கு எது வசதியோ" என்றான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் வேலையாக டெஸ்ஸுக்குப் போன் செய்வேன். "இன்னிக்கு எவ்வளவு?" என்பேன். ஆற்றில் நொடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது என்று சொல்வாள். மூவாயிரத்துக்குக் கீழே வந்தால் மீன் பிடிக்கலாம். எண்ணைக் கேட்டுக்கொண்டு ஆர்லன் வீட்டுக்குப் போவேன், அவன் கையைப் பார்க்க. ஜூன் ஐந்தாம் தேதி ஆறு பதினோராயிரம். கையை அவனால் தோள்பட்டை வரைதான் தூக்க முடிந்தது. ஜூன் இருபதில் எட்டாயிரம். காப்பிக் கோப்பையை டோரீன் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீரும் இறங்கியது, கையும் இறங்கியது. தண்ணீர் முந்த வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் மண்டியிட்டேன். முப்பது வருடமாகக் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவன் நான்.

மைதானத்தில் அவனுக்குப் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிப் பிடித்து வீச வைப்பேன்.

"நாம வீசறோமா, டான்ஸ் ஆடறோமா?" என்றான் ஒரு நாள். "ஊர்ல பாத்தா டோரீன் கோவிச்சுக்கப் போறா."

ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினம், ஊரே கொடி பிடித்து ஊர்வலம் போனது. அன்று கழி அவன் விரல்களிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அவனே, "விடுடா" என்றான். ஆறு அன்றைக்கு ஐயாயிரத்து இருநூறு.

அப்போதும் நான் போன் செய்வதை நிறுத்தவில்லை. தும்பை விட்டவன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் போல ஓடினேன்.

ஜூலை பதினேழாம் தேதி டெஸ்ஸின் குரலில் சந்தோஷம். "வாங்க சார்! ரெண்டாயிரத்து எழுநூறு. அடியில கிடக்கற கூழாங்கல்லை எண்ணலாம். என்ன பூச்சி வச்சிருக்கீங்க? சரியா இருக்கான்னு சொல்றேன்."

பெட்டியைத் திறந்தேன். பாசி நிறத்தில் பொடிசு இருபது, பழுப்பில் கொஞ்சம் பெரிது இருபது என்று ஒன்றுவிடாமல் விவரித்தேன்.

"இது ரெண்டுமே ஏப்ரல் பூச்சி சார். எங்க ஆத்துல ஏப்ரல்ல பறக்கறது. ஜூலைக்கு ஒண்ணுகூட ஆகாது. யாரு கட்டினது? எங்க ஆத்தைப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டின மாதிரி இருக்கே."

பிப்ரவரியில் கட்டியவை அவை. நான் சிவப்பு வட்டம் போட்ட அன்று மேசையில் கிடந்தவை.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஆர்லன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளாகக் கிடந்தது. டோரீன் கொலாச்சியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து அவன் மடியில் வைத்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மெதுவாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினான். பேச்சும் கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. "ஜனவரியில அந்தக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். யாரோ ஒரு பெரியவரு, விவரமாச் சொன்னாரு. ஏப்ரல்னு உங்கிட்டச் சொன்னேனேடா."

"ஒரு தடவை சொன்ன!"

"பின்ன எத்தன தடவை சொல்லுவாங்க?"

டோரீன் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, சொல்லுங்கன்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன் லீலண்ட். 'அவன் வட்டம் போட்டுட்டான், எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாரு, விடு. ஜூன் வரைக்கும் கை இருக்கும். வெள்ளத்துலயாவது நின்னு ஒரு வீச்சு வீசிட்டு வரேன்'னுட்டாரு."

"அப்புறம் குழாய் உடைஞ்சிருச்சுன்னு வந்து நின்ன" என்றான் ஆர்லன். "குழாயும் உடையல, ஒண்ணும் உடையல. பொய் சொன்னா நீ காதைச் சொறிவ. ஏழாங்கிளாஸ்ல இருந்து பாக்கறேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, டோரீன் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் அழுவது நல்ல பழக்கம் இல்லை. நான் பழக்கத்தைக் காப்பாற்றியது போதும்.

"நாளைக்கே கிளம்புவோம்டா. படகுல உன்னை உக்கார வச்சு, நான் உன் கையைப் பிடிச்சு..."

"டாக்டர் வேணாம்னுட்டாரு" என்றாள் டோரீன். "ரெண்டு நாள் வண்டியில, அதுவும் அந்த உசரத்துல, மூச்சு தாங்காதாம். போன வாரமே சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

ஆக, அவர்களும் என்னிடம் ஒன்றை மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த ஊரில் எல்லோரும் அடுத்தவன் மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டே சாகிறோம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"இப்ப உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"ஒண்ணும் வேணாம்டா" என்றான் ஜன்னலைப் பார்த்து.

இங்கே எழுந்துவிட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். நான் எழவில்லை.

"என்ன வேணும், ஆர்லன்?"

"ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்ல? உனக்கு எது..."

"எனக்கு எது வசதின்னு கேக்கல. உனக்கு என்ன வேணும்?"

மூன்று முறை கேட்டுவிட்டேன். என் ஆயுளில் யாரிடமும் எதையும் மூன்று முறை கேட்டதில்லை. ஆர்லன் தலையைத் திருப்பினான். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஏப்ரல் வேணும்டா."