தொடும் அறை

விடிவதற்கு முன்பே ஈரக் களிமண் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டாள் குருவியம்மா. கொல்லைப்புறத்திலிருந்து அருங்காட்சியகத்தின் அடித்தளத்துக்கு இருபத்தாறு படிகள். சரக்கு லிப்ட் நின்று ஐந்து மாதமாகிறது. மூட்டையில் கசிந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகை நனைத்துப் படிகளில் சொட்டியது. நான்காவது மூட்டை வரை அவள் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கால் எடுத்து வைக்க மனசு வராது.

அவள் துப்புரவுப் பணியாள். மண் சுமப்பது அவள் வேலையில் சேர்ந்ததல்ல. ஐந்து பேர் கூட்டித் துடைத்த கூடங்களை இரண்டு பேர் தலையில் கட்டிய அதே மாதத்தில் மண் மிதிக்க இருந்த ஆளையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வரும்போது மண் பதமாக இருந்தாக வேண்டும். உள்ளே ஒரு பொடிக்கல் இருந்தாலும் சில பிள்ளைகள் கையை உதறிவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதனால் தார்ப்பாயில் மண்ணைக் கொட்டி, குதிகாலால் மிதித்து, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கினாள்.

அந்த அறைக்குத் தொடும் அறை என்று பெயர். மேலே எல்லாக் கூடங்களிலும் 'தொடாதீர்கள்' என்று பலகை. இங்கே மட்டும் தொடலாம். பேச்சு வராத பிள்ளைகள், எழுத்து பிடிபடாத பிள்ளைகள், சத்தம் தாங்காத பிள்ளைகள் வாரம் ஒருமுறை வந்தார்கள். மேலே நிற்கும் சிலைகளை அருங்காட்சியகத்தின் அச்சுக்காரர் அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தில் வார்த்துக் கொடுப்பார். பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மண்ணில் தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். டீச்சர் சொல்லித்தருவது குறைவு, காத்திருப்பதுதான் அதிகம்.

குருவி அவளுடைய மகள். பதினொரு வயது. மூன்று பள்ளிக்கூடங்கள் கைவிரித்த பிள்ளை. பெற்றவளையும் தொடவிட மாட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாந்துக் குதிரையின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை நின்றாள். அன்று வீடு திரும்பும்போது அம்மாவின் சுண்டுவிரலைத் தானாகப் பிடித்தாள். குருவியம்மா அந்த விரலை அசைக்காமல் இரண்டு தெரு நடந்தாள்.

இது திங்கட்கிழமை. வெளிச்சம் வந்த நேரத்தில் அச்சுக்காரரும் வாசல் காவலரும் புதிதாக வார்த்த சாந்துக் காளையைத் தூக்கிக்கொண்டு அதே படியில் இறங்கினார்கள்.

"இந்தக் கட்டடத்துல செத்துப்போனவங்களுக்குத்தான் ஏசி, லைட்டு எல்லாம். உயிரோட இருக்கறவன் முதுகுலதான் சுமை," என்றார் காவலர். அச்சுக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வைத்த கால் ஈரப்படியில் வழுக்கியது.

காளை அவர் வலது கைமேல் விழுந்தது. சாந்து உடைந்த சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. குருவியம்மா ஓடிவந்தபோது அவர் வெள்ளைப் பொடிக்கு நடுவில் கண்ணை மூடாமல் கிடந்தார். கத்தவில்லை. "கையைப் பாக்காதம்மா," என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கு இயக்குநர் மூவரையும் கூப்பிட்டார். டீச்சர், காவலர், குருவியம்மா. மேஜையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று தயாராக இருந்தது. தூக்க வேண்டாம் என்று சொல்லியும் அச்சுக்காரர் தன்னிச்சையாகத் தூக்கினார் என்று எழுதியிருந்தது.

"யாரு சார் வேண்டாம்னு சொன்னது?" என்றாள் டீச்சர்.

"அது பொதுவான விதி. பாதுகாப்பு முக்கியம். அறையை இன்னையிலிருந்து மூடறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"நிலைமையைப் பாத்துச் சொல்றேன்."

"நிலைமையைப் போன வாரமே டேப் வச்சு அளந்துட்டுப் போனாங்களே சார்," என்றார் காவலர். "வாடகைக்கு விட்டா விருந்துக்கு எத்தனை மேஜை போடலாம்னு என்கிட்டதான் கேட்டாங்க."

இயக்குநர் அவரைப் பார்க்கவில்லை. குருவியம்மாவிடம் திரும்பினார். "படியில தண்ணி யாரு சிந்தினது? அதை நான் எழுதலை. உன் குடும்பத்தை நினைச்சுத்தான் எழுதலை. உங்க உழைப்பு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு."

அந்தத் தண்ணீர் இன்னும் அவள் முதுகில் காயவில்லை.

"தாளை எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மூணு பேர் கையெழுத்தும் வேணும். இல்லைன்னா அதுக்கப்புறம் வர வேண்டாம்."

சாயங்காலம் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அச்சுக்காரரின் கை துணிப்பொதியாகக் கட்டிலில் கிடந்தது. விரல்கள் இனி மடங்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை.

"கையெழுத்தைப் போட்டுடுங்க," என்றார் அச்சுக்காரர். "என் கைதான் போச்சு. உங்க அடுப்பும் எதுக்கு அணையணும்?"

குருவியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, படியில தண்ணி நான் சிந்தினது. என் மூட்டையிலேர்ந்து."

அவர் மனைவி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். பிறகு வந்து குருவியம்மாவின் முன்னால் குனிந்தாள். "அஞ்சு மாசமா நீ தனியா மூட்டை தூக்கறதை இவர் வீட்ல வந்து சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். நீயா லிப்டை நிறுத்தின?"

அப்போதுதான் குருவியம்மா அழுதாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அறைக்கதவில் புதுப்பூட்டு தொங்கியது. டீச்சர் ஒவ்வொரு வாரமும் வாசலில் படஅட்டைகளை வரிசையாகக் காட்டுவாள். செருப்பு, கதவு, மண், தண்ணீர், வீடு. அடுத்து என்ன என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் நிலைகொள்வார்கள். 'மூடியாகிவிட்டது' என்பதற்கு அவளிடம் அட்டை இல்லை. 'மண்' அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அட்டையைப் பார்த்ததும் பையன் ஒருவன் படியில் படுத்துத் தலையை மோதத் தொடங்கினான். அவன் அப்பா கல்லுக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு மோதலும் அந்தக் கையில் விழுந்தது. குருவி மூடிய கதவில் கன்னத்தை வைத்து நின்றாள்.

குருவியம்மா கொல்லைக்குப் போனாள். மிச்சமிருந்த மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றினாள். கீழே இறங்கவில்லை. முன்கூடத்தை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்றார் காவலர்.

"வகுப்புக்கு நேரமாச்சுண்ணே."

காவலர் கொல்லையில் கிடந்த தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். தலையை மோதிய பிள்ளை அடங்கியதும் அவன் அப்பா இன்னொரு மூட்டையைத் தூக்கினார்.

பளபளக்கும் முன்கூடத்தில், பெரிய சிலைகளுக்கு நடுவில், தார்ப்பாய் விரிந்தது. பிள்ளைகளுக்கு இடம் புதிது. இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். டீச்சர் யாரையும் கூப்பிடவில்லை. தானே உட்கார்ந்து பிசையத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள்.

இயக்குநர் மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். "என்ன இது?"

"செவ்வாய்க்கிழமை வகுப்பு சார்," என்றாள் டீச்சர்.

"போலீசைக் கூப்பிடுவேன்," என்று போனை எடுத்தார்.

குருவியம்மா எழுந்தாள். மண்கையோடு மடியிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். கையெழுத்து இல்லை. மண்கறை மட்டும் இருந்தது.

"கூப்பிடுங்க சார். தண்ணி நான் சிந்தினதுதான். எழுதிக்கங்க. லிப்ட் ஓடலைன்னும் அதே தாள்ல எழுதுங்க. ஆளைக் குறைச்சதையும் எழுதுங்க. அவர் கைக்கு வைத்தியம் யார் பாக்கறதுன்னும் எழுதுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

"உன் மேல மரியாதை வச்சுத்தானே நேத்து பேசினேன்?"

"மரியாதையை வச்சு லிப்ட் ஓட்ட முடியாது சார்."

டிக்கெட் கொடுக்கும் பெண் ஜன்னலின் பலகையை இறக்கினாள். அவள் இதுவரை இவர்களோடு நின்று பேசியதுகூட இல்லை. வந்து தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் அடுத்த மாசத்திலேர்ந்து அரை நாள்தான் வேலையாம்," என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னொரு துப்புரவுக்காரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். தோட்டக்காரர் வெளியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு செருப்பைக் கழற்றினார். பிள்ளைகளின் அம்மாக்கள் நெருக்கி இடம் விட்டார்கள்.

எத்தனை பேருக்கு நாளை வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அச்சுக்காரரின் விரல் மடங்குமா என்றும் தெரியாது. ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடித்தது.

இயக்குநர் குரலைத் தணித்தார். "சரி. உங்கள்ல யாரு தலைவர்? நான் யார்கிட்ட பேசணும்?"

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்று, கதவுகள் திறக்கும் ஓசை கேட்டது. யாரும் எழவில்லை.

"எல்லார்கிட்டயும்தான் சார்," என்றாள் குருவியம்மா. "உக்காருங்க. கீழ இடம் இருக்கு."